முடிவு தெரியாதவளின் பக்கம் நின்று ஒரு புராணக் கதை

கேள்வி இதுதான்: புராண, இதிகாசக் கதை ஒன்றை ஓர் இளம்பெண்ணின் பார்வையில் திரும்பச் சொல்ல ஆசை. சீதையையும் திரௌபதியையும் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். வேறு யாரை எடுக்கலாம்? மூலக்கதையை எவ்வளவு தூரம் மாற்றலாம்? அவளை இந்தக் காலத்துப் பெண்ணைப் போலப் பேசவைத்தால் தப்பா?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவள் வயதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். நம்மிடம் பெண் பார்வையில் வந்திருக்கும் மறுகூறல்களில் பேசுகிறவள் பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்தபின் திரும்பிப் பார்க்கிறவள். பிரதிபா ராயின் ஒடியா நாவல் 'யாக்ஞசேனி' 1984இல் வந்தது. இமயத்தின் அடிவாரத்தில் விழுந்து சாகக் கிடக்கும் திரௌபதி கண்ணனுக்கு எழுதும் நீண்ட கடிதம் அது. மலையாளத்தில் குமாரன் ஆசான் 1919இல் எழுதிய காவியத்தில் சீதை வால்மீகி ஆசிரமத்தில் உட்கார்ந்து, கடந்துபோன வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறாள். பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, கணவனைப் பற்றி இனி தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இவையெல்லாம் அருமையான படைப்புகள்தான். ஆனால் திரும்பிப் பார்க்கிறவளிடம் தீர்ப்பு தயாராக இருக்கிறது. யார் துரோகி, எந்த இடத்தில் ஏமாந்தோம், எது வீண் என்று அவளுக்குத் தெரியும்.

இளம்பெண்ணிடம் அது கிடையாது. அவள் ஓர் இதிகாசத்துக்குள் இருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது. வாசகனுக்கு முடிவு தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தைக் கடைசிவரை காப்பாற்ற முடிந்தால் பாதிக் கதை தானாகவே எழுதிக்கொள்ளும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பதினாறு வயதுக் குந்தி பேசுவாள், ஆனால் அவள் குரலில் குருக்ஷேத்திரத்தில் கர்ணனைப் பறிகொடுத்தவளின் பெருமூச்சு கேட்கும். "அன்று அந்த ஆற்றில் விட்டது என் மகனை மட்டுமல்ல" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வந்துவிட்டால், அங்கே இருப்பது கிழவி குந்திதான்.

குந்தியையே எடுத்துக்கொள்வோம். அவளைப் பற்றி மகாபாரதம் என்னென்ன சொல்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். உத்தியோக பர்வத்தில், தூது வந்த கண்ணனிடம் தன் மனக்குறையைக் கொட்டுகிறாள். நான் துரியோதனனைக் குறை சொல்லவில்லை, என் அப்பாவைத்தான் சொல்கிறேன் என்கிறாள். கையில் பந்து வைத்து விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பெண்ணை, பணத்தைத் தூக்கிக் கொடுப்பதைப் போல, சூரன் தன் நண்பன் குந்திபோஜனுக்குக் கொடுத்துவிட்டான். பதின்மூன்று வருடம் பிள்ளைகளைப் பிரிந்து, நாடு போய், மருமகள் சபையில் அவமானப்பட்டு, இவ்வளவும் ஆனபிறகு அந்தத் தாய்க்கு நினைவு வருவது ஒரு பந்து. அந்த ஒரு வரியில் வியாசர் ஒரு சிறுகதைக்கான இடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பந்தை அவள் கூட எடுத்துப்போனாளா, அங்கேயே விட்டுவிட்டாளா? புது வீட்டில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பிருதை என்ற பெயர் எந்த நாளில் குந்தி ஆனது?

அப்புறம் வன பர்வத்தில் துர்வாசர் வருகிறார். முன்கோபத்துக்குப் பேர்போன அந்த விருந்தாளியைக் கவனிக்கும் பொறுப்பை வளர்ப்பு அப்பா அந்தப் பெண் தலையில் கட்டுகிறார். ஒரு வருடம் பணிவிடை செய்கிறாள். கூலியாகக் கிடைத்த மந்திரம் பலிக்குமா என்று சோதித்துப் பார்க்கிறாள். சூரியன் வந்து நின்றதும் பயந்து, தெரியாத்தனமாகச் செய்துவிட்டேன், திரும்பிப் போய்விடுங்கள் என்கிறாள். சும்மா திருப்பி அனுப்பினால் உன் அப்பாவையும் மந்திரம் கொடுத்த பிராமணரையும் விடமாட்டேன் என்று அவன் மிரட்டுகிறான். இதை மூலமே சொல்கிறது. நாம் ஒன்றும் கூட்டவேண்டியதில்லை. பிறகு குழந்தையை மெழுகு பூசிய பெட்டியில் வைத்து, செவிலியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரவில் அஸ்வ நதிக்குப் போகிறாள். பெட்டி அங்கிருந்து சர்மண்வதி, யமுனை, கங்கை வழியாகச் சம்பாபுரி போய்ச் சேர்கிறது. ஆற்றங்கரையில் நின்று அவள் அழுதுகொண்டே சொல்லும் வார்த்தைகளில், உனக்குப் பால் கொடுக்கப்போகும் அந்தப் பெண் கொடுத்துவைத்தவள் என்று ஒரு வாக்கியம் வரும்.

இவ்வளவு இருக்கும்போது நாம் செய்யவேண்டியது என்ன? அந்தப் பெட்டி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். ஆற்றின் வளைவு வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். கதை அந்த வளைவில் நின்றுவிட வேண்டும்.

வயது விஷயத்தில் சீதையும் கவனிக்கத்தக்கவள். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் சன்னியாசி வேஷத்தில் வந்த இராவணனிடம் அவள் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். பதில் சொல்லாவிட்டால் வந்தவர் சபித்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் பேசவே ஆரம்பிக்கிறாள். காட்டுக்குக் கிளம்பியபோது என் கணவருக்கு 25 வயது, எனக்கு 18 என்கிறாள். நம் மனதில் இருக்கும் சீதைக்கு வயதே கிடையாது. காலண்டர் படத்தில் இருக்கும் அந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பதினெட்டு வயதுப் பெண் என்று ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொண்டு எழுதிப் பாருங்கள். மரவுரி கட்டத் தெரியாமல் ஒரு துண்டைக் கழுத்திலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றாள் என்று வால்மீகி எழுதும் இடம் அப்போது வேறு மாதிரி தெரியும்.

அடுத்தது, யார் வாயிலாக இந்தக் கதை நமக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பது. இதை எல்லோரும் தாண்டிப்போய்விடுகிறார்கள். அம்பையின் கதை அனைவருக்கும் தெரியும். சுயம்வரத்திலிருந்து பீஷ்மர் தூக்கி வருகிறார், சால்வனை மனதில் வரித்துவிட்டேன் என்கிறாள், அனுப்பிவைக்கிறார், சால்வன் ஏற்கவில்லை, திரும்பி வந்தால் பீஷ்மரும் ஏற்கவில்லை. பரசுராமர் அவளுக்காகச் சண்டை போட்டும் பயனில்லை. கடைசியில் நெருப்பில் இறங்கி, சிகண்டியாகப் பிறக்கிறாள். சரி, இதை விரிவாகச் சொல்கிறவர் யார்? பீஷ்மர்தான். சிகண்டியை ஏன் கொல்லமாட்டீர்கள் என்று துரியோதனன் கேட்க, அதற்குப் பதிலாக உத்தியோக பர்வத்தில் அவர் சொல்லும் கதை இது. தூக்கி வந்தவர் வாயால் தூக்கி வரப்பட்டவளின் கதை! பரசுராமரோடு தான் போட்ட சண்டையை அவர் எவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறார் என்று பாருங்கள். தேரில் அந்த மூன்று சகோதரிகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. அவருக்கு அது கேட்டிருக்காது, அல்லது கேட்கவேண்டும் என்று தோன்றியிருக்காது. அம்பிகையும் அம்பாலிகையும் பக்கத்தில் இருந்தார்கள். அக்கா மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போய்விட்டாள், தங்கைகள் இருவரும் விசித்திரவீரியனுக்கு மனைவியானார்கள். தங்கையின் பார்வையில் அக்காவின் கதையை எழுதினால்? எழுதலாம், தாராளமாக எழுதலாம்.

இதே கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுந்தபோது, குருடன் மகனும் குருடன் என்று திரௌபதி கேலி செய்தாள், அதனால்தான் போரே வந்தது என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். புனே பண்டார்க்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த மகாபாரத ஆய்வுப் பதிப்பில் இந்த வசனம் இல்லை. விழுந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களாகக் கதை சொல்லி குறிப்பிடுவது பீமனையும் தம்பிகளையும் வேலைக்காரர்களையும். திரௌபதி பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்பது பின்னால் துரியோதனன் தன் அப்பாவிடம் போய்ச் சொல்லும் புகாரில்தான் வருகிறது. ஒரு பெண் மீது எத்தனையோ நூற்றாண்டாக இருக்கும் பழிக்கு ஆதாரம் அவளை வெறுத்த ஒருவனின் வாக்குமூலம் மட்டுமே. மறுகூறல் எழுத உட்காருகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கஷ்டம்.

இனி, யாரை எடுப்பது. என் ஓட்டு சுகன்யாவுக்கு.

வன பர்வத்தில் கொஞ்ச இடத்தில் வந்துபோகும் கதை. சர்யாதி ராஜா படை பரிவாரத்தோடு காட்டுக்கு வருகிறார். ஒரே மகள் சுகன்யா. தோழிகளோடு சுற்றுகிறாள், பூத்த மரக்கிளைகளை ஒடிக்கிறாள். அங்கே ஒரு புற்று. உள்ளே தவத்தில் இருக்கும் கிழ முனிவர் சியவனர் மேல் மண் மூடிப் புற்றாகவே ஆகிவிட்டிருக்கிறது. அவர் அவளைப் பார்த்து ஏதோ சொல்கிறார், குரல் எழும்பவில்லை, அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புற்றுக்குள் மினுங்கும் இரண்டு புள்ளிகள். இது என்னவாக இருக்கும் என்று ஒரு முள்ளால் குத்திவிடுகிறாள். அவை முனிவரின் கண்கள். முனிவர் கோபத்தில் படையினர் அத்தனை பேருக்கும் மலஜலம் அடைத்துக்கொள்கிறது. (இந்த மாதிரி இடங்களில் இதிகாசம் கூச்சமே படாது, நாமும் படக்கூடாது.) ராஜா ஒவ்வொருவராக விசாரிக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. மகள் தானாக முன்வந்து, புற்றில் மின்மினிப்பூச்சி மாதிரி ஏதோ ஒளிர்ந்தது, நான்தான் குத்தினேன் என்கிறாள். ராஜா ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க, இவளை எனக்குக் கொடு என்கிறார் முனிவர். சற்றும் யோசிக்காமல் கொடுத்துவிட்டார் என்று மூலம் சொல்கிறது. சற்றும் யோசிக்காமல் என்பது என் சேர்க்கை இல்லை.

இதில் ஓர் இளம்பெண்ணைச் செய்ய வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆர்வம், விளையாட்டுத்தனம், யாரும் பார்க்காத குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் நேர்மை, அதற்குக் கிடைத்த பரிசு. பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். அவளுக்கு இது தோன்றியிருக்குமா? முதலிரவுக்கு முன்னால் தோன்றியிருக்குமா, பின்னால் தோன்றியிருக்குமா? அல்லது தோன்றவே இல்லையா? ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு கதை.

பிறகு அசுவினி தேவர்கள் வருகிறார்கள். இந்தக் கிழவனை விட்டுவிட்டு எங்களில் ஒருவரை ஏற்றுக்கொள் என்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். சரி, உன் கணவனை இளைஞனாக்கித் தருகிறோம், எங்கள் மூவரில் ஒருவரைத் தேர்ந்துகொள் என்கிறார்கள். சியவனரும் சம்மதிக்க, மூவரும் நீரில் மூழ்கி ஒரே உருவத்தில் எழுந்து வருகிறார்கள். அவள் சரியாகத் தன் கணவனைத் தேர்ந்தெடுக்கிறாள். எப்படி? மனதாலும் அறிவாலும் தீர்மானித்து என்பதோடு மகாபாரதம் முடித்துக்கொள்கிறது. தமயந்திக்காவது தேவர்கள் இரங்கி அடையாளம் காட்டினார்கள்: கண் இமைக்காது, வியர்க்காது, கால் நிலத்தில் படாது. சுகன்யாவுக்கு அதுவும் இல்லை. தேவி பாகவதம் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டு, தேவியை வேண்டி அருள் பெற்றாள் என்று நிரப்பியிருக்கிறது. புராணமே புராணத்தைத் திருத்தி எழுதும் இடம் இது. நான் நிரப்பினால் இப்படி நிரப்புவேன்:

"மூன்று பேரும் கரையேறினார்கள். ஒரே முகம், ஒரே சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அதனால் சிரிப்பு எனக்கு உதவவில்லை. தலை துவட்ட எழுந்தவளைப் போல முந்தானையை எடுத்துக்கொண்டு முதல் ஆளின் முகத்தருகே கையைக் கொண்டுபோனேன். அவர் அசையவில்லை. இரண்டாமவரும் அப்படித்தான். மூன்றாமவர் என் விரல் நெருங்குவதற்குள் சட்டென்று கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டார். இவர்தான் என்றேன்."

இதில் கற்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, காதலைப் பற்றியும் இல்லை. முள் மட்டும் இருக்கிறது. மூலத்தில் நடந்த எதையும் மாற்றவும் இல்லை. அவள் தேர்வு சரிதான். எப்படி என்பது மட்டும் நம்முடையது.

சுகன்யா வேண்டாம் என்றால் தேவயானியும் சர்மிஷ்டையும் இருக்கிறார்கள். குளிக்கப்போன இடத்தில் காற்றில் துணி கலந்துபோய், ஒருத்தி சேலையை இன்னொருத்தி கட்டிக்கொண்டதில் வரும் சண்டை. உன் அப்பா கீழே உட்கார்ந்து என் அப்பாவைப் புகழ்ந்து பாடுகிறவர்தானே என்று ராஜா மகள் சர்மிஷ்டை குத்திக்காட்டுகிறாள். குரு மகள் தேவயானி கிணற்றில் கிடக்கிறாள். சாயங்காலத்துக்குள் முடியவேண்டிய சண்டை, அப்பாக்கள் நுழைந்ததும் அரசியலாகிவிடுகிறது. ராஜா மகள் தன் குலத்தைக் காப்பாற்ற, தோழிக்கே வேலைக்காரியாகப் போகிறாள். இதில் யாரையும் வில்லி ஆக்கிவிடாமல் இருப்பது எழுதுகிறவர் சாமர்த்தியம். பின்னால் தேவயானியின் கணவனாக வரும் யயாதியைப் பற்றிக் கவலையே படவேண்டாம், அவனைக் கதையில் பாதிக்குமேல் வரவிட்டால் கதை கெட்டுப்போகும்.

எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன். வெளிமொழி நாவல்களைப் பார்த்துத் தன்மை நிலையில் எழுதப் பழகியவர்கள், அவள் யாரிடம் சொல்கிறாள் என்பதையே தீர்மானிப்பதில்லை. வானத்தைப் பார்த்துப் பேசுகிறாள். தமிழில் இதற்கு எவ்வளவோ காலமாக ஒரு வழி இருக்கிறது. அகப்பாட்டு ஒவ்வொன்றும் ஒருத்தி கூற்று. யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று அடிக்குறிப்பே போட்டுவைத்திருக்கிறார்கள். தலைவி தோழியிடம் சொல்வது வேறு, செவிலியிடம் சொல்வது வேறு, செவிலி கேட்கட்டும் என்று தோழியிடம் சொல்வது இன்னும் வேறு. ஆண்டாளும் தன் கல்யாணக் கனவைத் தோழியிடம்தான் சொல்கிறாள். வங்காளத்தில் 16ஆம் நூற்றாண்டில் மைமன்சிங் பக்கத்துச் சந்திராவதி பாடிய இராமாயணத்திலும் சீதை தன் கதையைத் தோழிகள் கேட்கத் தானே சொல்கிறாள். பெரும்போர் அதில் சில வரிகளில் முடிந்துபோகிறது. கேட்கிறவள் பக்கத்தில் இருந்தால் பேச்சு தானாகத் தரைக்கு இறங்கிவிடும்.

ஒன்றை மட்டும் விரித்துக் காட்டுகிறேன். குறுந்தொகையில் கபிலர் பாட்டு:

"யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ"

அன்று அங்கே யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான். அவனே இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். ஓடும் தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகுதான் சாட்சி, தினைத்தாள் மாதிரி மெல்லிய கால் கொண்டது. இதை அப்படியே கொண்டுபோய்ச் சகுந்தலை பக்கத்தில் வையுங்கள். அவள் நிலைமையும் இதுதான். கண்வர் வெளியே போயிருந்த நேரம், காந்தர்வ மணம், சாட்சி இல்லை. மகாபாரதத்துச் சகுந்தலையிடம் மோதிரமும் கிடையாது, துர்வாசர் சாபமும் கிடையாது. அவை காளிதாசன் நாடகத்தில் இருப்பவை. இந்தச் சகுந்தலை சம்மதிப்பதற்கு முன்பே, எனக்குப் பிறக்கும் மகன்தான் உனக்குப் பின் ராஜா என்று நிபந்தனை போட்டவள். மகனோடு சபையில் வந்து நிற்கிறாள். துஷ்யந்தன் எனக்கு நினைவில்லை என்கிறான். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, பொய்தான் சொல்கிறான். அவள் என்ன செய்கிறாள்? யாரும் பார்க்கவில்லை என்று நினைக்காதே. சூரியன், சந்திரன், காற்று, தீ, ஆகாயம், பூமி, நீர் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன என்கிறாள். அடுத்தவர் குற்றம் கடுகளவு இருந்தாலும் உனக்குத் தெரிகிறது, உன்னுடையது வில்வக்காய் அளவு இருந்தாலும் தெரியவில்லை என்று ராஜா முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

இப்போது எழுத ஒரு வழி கிடைத்துவிட்டது. சபைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு, அனசூயை, பிரியம்வதை என்று காளிதாசன் பெயர் வைத்த தோழிகளில் ஒருத்தியிடம் அவள் பேசுகிறாள். அன்று ஆற்றோரம் யார் இருந்தார்கள் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறாள். மான் இருந்ததா, கொக்கு இருந்ததா? நாளை சபையில் பஞ்சபூதங்களையும் சாட்சிக்கு அழைக்கப்போகிறவள், இன்று ஒரு கொக்கைத் தேடிக்கொண்டிருக்கிறாள். துணிச்சலான சகுந்தலை வியாசரிடம் இருக்கிறாள், பயந்த பெண் கபிலரிடம் இருக்கிறாள். இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருக்க முடியும்.

நவீனப் பேச்சு பற்றிய கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. உரிமை, ஆணாதிக்கம், தேர்வுச் சுதந்திரம் என்று அவளைப் பேசவைத்தால் தப்பு என்று சொல்லமாட்டேன். தேவையில்லை என்பேன். அவர்களுக்கு வாதாடத் தெரியும், அதுவும் நம்மைவிடக் கூர்மையாக. என்னை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிறேன் என்ற கணவனிடம், ஆண் வேஷம் போட்ட பெண்ணையா என் அப்பா மருமகனாக்கிக்கொண்டார் என்று கேட்டவள் வால்மீகியின் சீதை. கம்பன் சீதை கேட்பது இன்னும் சுருக்கம்: "நின் பிரிவினும் சுடுமோ பெருங்காடு?" தண்டகாரண்யத்தில் இராமன் அரக்கர்களைக் கொல்வதாக வாக்குக் கொடுத்தபோது, பகையில்லாதவரைக் கொல்வது சரியா என்று ஒரு கதை சொல்லிக் கேட்கிறாள். ஒரு முனிவரிடம் இந்திரன் போர்வீரன் வேஷத்தில் வந்து ஒரு கத்தியை அடைக்கலமாக வைத்துவிட்டுப் போனான். அடைக்கலப் பொருளாயிற்றே என்று காய்கனி பறிக்கப் போனாலும் அதைக் கையில் எடுத்துப்போன முனிவர், நாளாக நாளாகக் கொடூரராகிவிட்டார். ஆயுதம் எங்கே, காடு எங்கே என்கிறாள். உடனே, நான் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, நினைவுபடுத்துகிறேன் என்று சேர்த்துக்கொள்கிறாள். அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு இளம் மனைவியின் மொத்த நிலைமையும் இருக்கிறது. மாமியார் வீட்டில் பேசத் தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் இந்தத் தொனி பழக்கம். இதை எழுதினாலே போதும்.

மூலத்தை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு நம் முன்னோர்களைப் பார்த்தால் பயம் போய்விடும். வால்மீகியின் அகலிகை, வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே சம்மதித்தவள். சாபத்தால் கல்லாகவில்லை, யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் காற்றைப் புசித்துக் கிடந்தாள். கம்பன் அவளைக் கல்லாக்கினான். "உணர்ந்தனள், உணர்ந்த பின்னும் தக்கது அன்று என்ன ஓராள்" என்று ஒரு நொடியை மட்டும் பிடித்துக்கொண்டான். புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசனம்' எழுதியபோது, இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்ட அகலிகையை மறுபடி கல்லாக்கினார். இராவணன் சீதையைத் தலைமுடியைப் பற்றித் தூக்கினான் என்றார் வால்மீகி. பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்தான் என்று மாற்றினான் கம்பன். இலட்சுமணன் போட்ட கோடு இரண்டு பேரிடமும் இல்லை. தெலுங்குப் பெண்கள் பாடும் பாட்டில், பதினான்கு வருடம் தூங்கிய ஊர்மிளை, திரும்பிவந்து எழுப்பும் இலட்சுமணனை அடையாளம் தெரியாமல் அதட்டுகிறாள். இன்னொரு பாட்டில் சூர்ப்பணகை மாறுவேஷத்தில் வந்து இராவணன் படத்தை வரையச் சொல்ல, சீதை அவன் கால் கட்டைவிரலை மட்டும் வரைந்து தருகிறாள். அதற்கு மேலே அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இவர்கள் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினார்கள். மூலத்தில் இல்லாத டிவி சீரியல் காட்சி ஒன்றை மூலம் என்று நம்பி, அதை எதிர்த்து நாவல் எழுதுகிறவர்கள்தான் வம்பில் மாட்டுகிறார்கள். கண்டனம் எப்படியும் வரலாம். ஏ. கே. ராமானுஜன் பல இராமாயணங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையையே டெல்லி பல்கலைக்கழகம் 2011இல் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. அதையும் தாண்டி ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்: இவர்களில் சிலர் கோயிலில் இருக்கிறார்கள். வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் விழாவில் பாரதம் படித்து, கூத்து ஆடி, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்தபிறகு கூந்தல் முடிந்து, தீ மிதிக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கு அவள் கதாபாத்திரம் இல்லை, கும்பிடுகிற அம்மன். அவளுடைய கோபத்தைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதினால் அவர்களே சிரிப்பார்கள். விரித்த கூந்தலோடு அந்தக் கோபத்தை வருடாவருடம் பார்க்கிறார்கள்.

எழுதி முடித்தபிறகு ஒரு வேலை செய்யலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த நாளில் தெரிந்திருக்க முடியாத ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கோடிட்டு வெட்டுங்கள். அழகான வாக்கியங்களில் பாதி போய்விடும், போகட்டும். படிக்க வேண்டியது சுருக்கக் கதைகளை அல்ல. ம. வீ. இராமானுஜாசாரியார் வெளியிட்ட மகாபாரதத்தின் கும்பகோணம் பதிப்பு தமிழில் இருக்கிறது. ஆதி, வன, உத்தியோக பர்வங்களின் கிளைக்கதைகளை மட்டும் நிதானமாகப் படித்தால் பத்து இளம்பெண்கள் கிடைப்பார்கள்.

அவர்களில் மாதவியை மட்டும் முதல் கதைக்கு எடுக்காதீர்கள். யயாதியின் மகள். குரு விசுவாமித்திரருக்குத் தட்சிணையாக ஒரு காது கறுத்த வெள்ளைக் குதிரைகள் 800 வேண்டும் என்று அலையும் காலவரிடம் அப்பா அவளைக் கொடுத்துவிடுகிறார். மூன்று ராஜாக்களிடம் ஆளுக்கு 200 குதிரைக்கு ஒரு பிள்ளை பெற்றுத்தந்து, குறைந்த 200க்குப் பதிலாக விசுவாமித்திரருக்கும் ஒரு மகனைப் பெற்றுத்தந்து வீடு திரும்புகிறாள். அதன்பிறகு சுயம்வரம் வைக்கிறார்கள். வந்த அத்தனை பேரையும் தாண்டிப்போய்க் காட்டையே மாப்பிள்ளையாகத் தேர்ந்துகொள்கிறாள். இவ்வளவுக்கும் நடுவில் அவள் பேசுவது மிகக் கொஞ்சம். அதில் ஒன்று, என்னைக் குதிரைக்காகக் கொடுங்கள், ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் மறுபடி கன்னியாகிவிடும் வரம் எனக்கு இருக்கிறது என்று காலவருக்கு அவளே சொல்லும் யோசனை. அந்த யோசனையைச் சொன்ன பெண்ணின் மனதுக்குள் போகாமல் அவளை எழுத முடியாது. போவதற்கு ஒன்றிரண்டு கதை எழுதிக் கை பழகியிருக்கவேண்டும். சுகன்யாவில் ஆரம்பியுங்கள்.